மின்னஞ்சல் சேர்ப்புக் கண்காணிப்பு: பிறர் டொமைனைப் பார்க்கும் அனுமதியின் வரலாறு

மின்னஞ்சல் சேர்ப்புக் கண்காணிப்பு என்பது, ஒரு நிறுவனம் தன் பெயரில் அனுப்பும் கடிதங்கள் பெறுநரின் உள்பெட்டிக்குப் போய்ச் சேர்கின்றனவா, குப்பைப் பெட்டியில் விழுகின்றனவா, வாசலிலேயே திருப்பப்படுகின்றனவா என்பதைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு கவனிக்கும் பணியாகும். வங்கியின் எச்சரிக்கை, கல்லூரியின் தேர்வு அறிவிப்பு, மருத்துவமனையின் நாள் குறிப்பு என அன்றாட வாழ்வின் பல செய்திகள் இன்று மின்னஞ்சலில்தான் வருகின்றன. அவை சேராமல் போனால் அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவர் உண்டு. அவர், பெறுநரின் அஞ்சல் பெட்டியை நடத்தும் நிறுவனம்.

அந்த நிறுவனம் தான் அறிந்ததை யாரிடம் சொல்லலாம் என்பதே இக்கட்டுரையின் மையக் கேள்வி. டொமைன் பெயரின் உரிமையாளரிடம் சொல்லலாம் என்பது எளிய விடை. ஆனால் பெரும்பாலான இடங்களில் உரிமையாளர் ஒருவர், கடிதங்களை அனுப்பும் சேவை இன்னொருவர், கோளாறு பார்ப்பவர் மூன்றாமவர். பிறருக்குச் சொந்தமான டொமைனின் நிலவரத்தை இந்த மூன்றாமவர் முறையாகப் பார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை உருவாக ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

எல்லாம் ஒருவர் கையில் இருந்த காலம்

1971-இல் அமெரிக்காவின் பி.பி.என். நிறுவனத்தில் பணியாற்றிய ரே டாம்லின்சன், ஆர்ப்பாநெட் வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ குறியைப் பயன்படுத்தியவரும் அவரே. அன்று அஞ்சல் முகவரியின் பின்பாதி ஓர் உண்மையான இயந்திரத்தைக் குறித்தது. அந்த இயந்திரம் ஒரு பல்கலைக்கழகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ இருந்தது. அதைப் பராமரித்தவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணம், எஸ்.எம்.டி.பி. எனப்படும் அஞ்சல் பரிமாற்ற விதிகளை வகுத்தது. அதே மாதம் டேவிட் கிராக்கர் எழுதிய ஆர்.எஃப்.சி. 822, கடிதத்தின் வடிவத்தை வரையறுத்தது. கடிதம் பெறும் ஒவ்வோர் இடத்திலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்ற முகவரி இருக்க வேண்டும் என்ற விதியும் அப்போதே வந்துவிட்டது. அஞ்சலில் கோளாறு என்றால் அந்த முகவரிக்கு எழுதலாம். ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்வார். தபால் அலுவலகத்தின் பதவிப் பெயரையே கணினி உலகமும் எடுத்துக்கொண்டது தற்செயல் அன்று. பொறுப்பான ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த அமைப்பு நின்றது.

அக்காலத்தில் மூன்று உரிமைகள் ஒருவரிடமே இருந்தன: பெயரை ஆளும் உரிமை, அப்பெயரில் அனுப்பும் உரிமை, அஞ்சலின் போக்கைப் பார்க்கும் உரிமை. அடுத்து வந்த ஆண்டுகளின் வரலாறு, இம்மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்த வரலாறாகும்.

முதல் பிரிவு விரைவில் நிகழ்ந்தது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ், டி.என்.எஸ். என்னும் பெயர் அட்டவணை முறையை முன்வைத்தார். 1986 ஜனவரியில் கிரேக் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்.எஃப்.சி. 974, அந்த அட்டவணையில் உள்ள எம்.எக்ஸ். பதிவைக் கொண்டு அஞ்சலுக்கு வழி காட்டும் முறையை விளக்கியது. ஒரு டொமைனுக்கு வரும் கடிதங்களை எந்தக் கணினி வாங்கிக்கொள்ளும் என்பதை இந்தப் பதிவு சொல்கிறது. பெயர் ஒருவருடையதாகவும் கணினி மற்றொருவருடையதாகவும் இருக்க இது வழி செய்தது. இந்த ஏற்பாட்டை அட்டவணையில் எழுதியவர் பெயரின் உரிமையாளர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பின்னால் வந்த எல்லா அனுமதிகளுக்கும் இதுவே முன்மாதிரி.

குப்பை அஞ்சலும் பெறுநரின் மௌனமும்

1978 மே 3 அன்று டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி தூர்க், தம் நிறுவனத்தின் புதிய கணினிகளை விளம்பரப்படுத்தி ஆர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினார். கேட்காமல் வந்த முதல் வணிக அஞ்சலாக இது குறிக்கப்படுகிறது. 1990-களில் இணையம் பொதுமக்களிடம் வந்தபோது இத்தகைய கடிதங்கள் வெள்ளமாகப் பெருகின.

தடுப்பு முறைகளும் பெருகின. 1997-இல் பால் விக்ஸியும் அவருடன் சேர்ந்தவர்களும், குப்பை அஞ்சல் அனுப்பும் கணினிகளின் ஐ.பி. எண்களைத் திரட்டித் தடைப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் ஸ்பேம்ஹாஸ் அமைப்பைத் தொடங்கினார். 2002-இல் பால் கிரகாம் எழுதிய ஒரு கட்டுரை, கடிதத்தில் உள்ள சொற்களின் நிகழ்தகவைக் கணக்கிட்டு வடிகட்டும் முறையைப் பரவலாக்கியது.

இதன் விளைவாக அஞ்சல் உலகின் ஒரு பழைய இயல்பு மறைந்தது. முன்பெல்லாம் கடிதம் சேராவிட்டால் திரும்பி வரும், காரணமும் எழுதியிருக்கும். இப்போது பெறுநரின் கணினி 250 என்ற எண்ணைப் பதிலாகத் தந்து ‘ஏற்றுக்கொண்டேன்’ என்கிறது. பிறகு கடிதத்தை உள்பெட்டியில் வைப்பதா, குப்பையில் போடுவதா என்பதைத் தனக்குள் முடிவு செய்கிறது. அந்த முடிவு அனுப்பியவருக்குச் சொல்லப்படுவதில்லை. இந்த மௌனத்துக்குக் காரணம் உண்டு. எது வடிகட்டியில் சிக்கியது என்று சொன்னால், குப்பை அனுப்புபவர் அதைக் கற்றுக்கொண்டு அடுத்த முறை தப்பிவிடுவார். திருடனுக்குப் பூட்டின் அமைப்பை விளக்க முடியாது. ஆனால் நேர்மையாக அனுப்புபவரும் அதே இருட்டில் நிற்க நேர்ந்தது.

எண்ணுக்கு உரியவரிடம் சொல்லும் முறை

இருட்டை ஓரளவு போக்கும் முயற்சிகள் பெரிய அஞ்சல் நிறுவனங்களிடமிருந்தே வந்தன. ஏ.ஓ.எல். நிறுவனம், தன் பயனர்கள் ஒரு கடிதத்தைக் குப்பை எனப் புகாரளித்தால் அத்தகவலை அனுப்பியவருக்குத் திருப்பித் தெரிவிக்கும் ஏற்பாட்டை நடத்தியது. இது ‘பின்னூட்டச் சுழற்சி’ எனப்படும். இத்தகைய புகார் அறிக்கைகளுக்கான பொது வடிவம் 2010-இல் ஆர்.எஃப்.சி. 5965 என்ற ஆவணமாக வெளிவந்தது. மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் எஸ்.என்.டி.எஸ். என்ற சேவையைத் தந்தது. ஓர் ஐ.பி. எண்ணிலிருந்து ஹாட்மெயில் பெட்டிகளுக்கு எத்தனை கடிதங்கள் வந்தன, புகார் அளவு என்ன என்பன போன்ற விவரங்களை அதில் காணலாம்.

இந்தச் சேவைகளில் அனுமதி ஐ.பி. எண்ணை ஒட்டியது. எஸ்.என்.டி.எஸ். சேவையில் ஒருவர் சில எண்களைப் பார்க்க விரும்பினால், அவற்றுக்குப் பொறுப்பானவர் எனப் பதிவேடுகளிலிருந்து தெரியவரும் மின்னஞ்சல் முகவரிக்கு ஓர் உறுதிப்படுத்தும் கடிதம் போகும். அங்கிருந்து சம்மதம் வந்தால்தான் கதவு திறக்கும். ‘போஸ்ட்மாஸ்டர்’ போன்ற பழைய பதவி முகவரிகளுக்கு இங்கே புதிய வேலை கிடைத்தது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 2001-இல் மெயில்சிம்ப், 2009-இல் சென்ட்கிரிட், 2011-இல் அமேசானின் எஸ்.இ.எஸ். எனப் பிறருக்காகக் கடிதம் அனுப்பும் சேவைகள் தோன்றின. ஒரே ஐ.பி. எண்ணிலிருந்து பல வாடிக்கையாளர்களின் கடிதங்கள் போகலாயின. ஒரு சிறு கல்லூரிக்கென்று தனி எண் கிடையாது. அதன் கடிதங்கள் எந்த எண்ணிலிருந்து போகின்றனவோ, அந்த எண் சேவை நிறுவனத்துக்கு உரியது. ஆகவே, தன் பெயரில் போகும் கடிதங்களின் கதியைத் தானே கேட்டறிய அக்கல்லூரிக்கு வழியில்லை.

எண்ணிலிருந்து பெயருக்கு

இச்சிக்கலைத் தீர்க்க, கடிதத்தைப் பெயரோடு பிணைக்கும் சான்றுமுறைகள் உதவின. முதலாவது எஸ்.பி.எஃப். இது 2006-இல் ஆர்.எஃப்.சி. 4408 ஆக வெளிவந்தது. ‘என் பெயரில் இந்தக் கணினிகள் அனுப்பலாம்’ என்று உரிமையாளர் டி.என்.எஸ். அட்டவணையில் எழுதி வைப்பதே இம்முறை. இரண்டாவது டிகிம். யாஹூவின் டொமைன்கீஸ் முறையும் சிஸ்கோவின் முறையும் இணைந்து உருவான இது, 2007-இல் ஆர்.எஃப்.சி. 4871 ஆக வெளிவந்தது. இதில் ஒவ்வொரு கடிதமும் ஓர் இலக்க முத்திரையுடன் போகும். முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோல் டி.என்.எஸ். அட்டவணையில் எல்லோரும் காண இருக்கும். முத்திரை இடும் திறவுகோல் அனுப்பும் சேவையிடம் மறைவாக இருக்கும்.

இங்கே இரண்டாவது பிரிவு நிகழ்ந்தது. அனுப்பும் உரிமையை உரிமையாளர் எழுத்து மூலம் மற்றொருவருக்குத் தரலாம். அட்டவணையிலுள்ள வரியை நீக்கித் திரும்பவும் பெறலாம். பெயர் கைமாறுவதில்லை.

மூன்றாவது முறையான டிமார்க், 2012 ஜனவரியில் பேபால், கூகுள், மைக்ரோசாஃப்ட், யாஹூ முதலிய நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக அறிவிக்கப்பட்டது. 2015 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 7489 ஆனது. சான்று தவறும் கடிதங்களை என்ன செய்யலாம் என்று உரிமையாளர் இதில் தெரிவிக்கலாம். தன் பெயரில் வந்த கடிதங்களைப் பற்றிய தொகுப்பு அறிக்கைகளை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் எழுதலாம்.

அந்த முகவரி வேறொரு டொமைனில் இருந்தால்? கண்காணிப்பை வெளியாரிடம் ஒப்படைப்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆவணத்தை எழுதியவர்கள் இதை எண்ணிப் பார்த்து ஒரு நுட்பமான விதியை வகுத்தனர். அறிக்கைகளைப் பெறும் நிறுவனம், ‘இந்த டொமைனைப் பற்றிய அறிக்கைகளை ஏற்கச் சம்மதம்’ என்று பொருள்படும் பதிவைத் தன் டி.என்.எஸ். அட்டவணையில் இட வேண்டும். அது இல்லாவிட்டால் அறிக்கை அங்கே போகக் கூடாது. யாரோ ஒருவர் விஷமமாக அடுத்தவர் முகவரியை எழுதி, அவர் பெட்டியை அறிக்கைகளால் நிரப்பிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. தருபவர், பெறுபவர் என இரு தரப்பின் சம்மதமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கொள்கை இங்கே தெளிவாகிறது.

2015: பெயருக்கு உரியவரிடம் சொல்லும் முறை

2015 ஜூலையில் கூகுள் நிறுவனம் ஜிமெயிலுக்கான ‘போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ்’ சேவையை அறிவித்தது. 1982-இன் பதவிப் பெயர் இப்போது ஒரு கருவியின் பெயராயிற்று. ஜிமெயில் பெட்டிகளுக்கு அதிக அளவில் கடிதம் அனுப்பும் டொமைன்களின் நிலவரம் இதில் வரைபடங்களாகக் காட்டப்பட்டது. பயனர்கள் அளித்த புகார் விகிதம், டொமைனின் நற்பெயர், ஐ.பி. எண்ணின் நற்பெயர், சான்றுமுறைகளில் தேறிய விகிதம், குறியாக்கம், சேர்ப்புப் பிழைகள் ஆகியவை அந்த வரைபடங்கள். நற்பெயர் நான்கு தரங்களாகக் குறிக்கப்பட்டது: மோசம், குறைவு, நடுத்தரம், உயர்வு.

பார்க்க விரும்புபவர் டொமைன் தம்முடையது என்று நிறுவ வேண்டும். கூகுள் ஒரு குறிச்சொல் வரியைத் தரும். அதை டி.என்.எஸ். அட்டவணையில் டி.எக்ஸ்.டி. பதிவாக இட வேண்டும். அட்டவணையில் எழுத முடிந்தவர் உரிமையாளர் அல்லது அவரால் நம்பப்பட்டவர் என்பது இதன் தர்க்கம். பத்திரப் பதிவு அலுவலகத்தின் ஏட்டில் ஒரு வரி சேர்த்துக் காட்டுவதைப் போன்றது இது.

பார்வையைப் பகிரும் வழிகள்

இனி, மூன்றாமவரின் கேள்விக்கு வருவோம். கல்லூரியின் கடிதங்கள் மாணவர்களின் ஜிமெயில் பெட்டிகளில் சேரவில்லை. கோளாறு பார்க்க ஒரு தொழில்நுட்பரை அழைக்கிறார்கள். அவர் நிலவரத்தைப் பார்க்க மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, கடவுச்சொல்லைக் கொடுப்பது. இது எளிது என்பதால் பலரும் செய்வது, ஆனால் ஆபத்தானது. டொமைன் பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லை வைத்திருப்பவர் அந்தப் பெயரையே வேறிடத்துக்கு மாற்ற முடியும். கடிதங்கள் வந்து சேரும் கணினியையும் மாற்ற முடியும். கூகுள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தாலோ, அக்கணக்கின் சொந்தக் கடிதங்கள் முதல் கோப்புகள் வரை திறந்துவிடும். ஒரு வரைபடத்தைக் காட்ட வீட்டுச் சாவிக்கொத்தையே தருவதற்கு ஒப்பானது இது.

இரண்டாவது வழி, தொழில்நுட்பர் தம் கூகுள் கணக்கில் பெற்ற குறிச்சொல் வரியை உரிமையாளரிடம் கொடுத்து, அட்டவணையில் சேர்க்கச் சொல்வது. ஒரு டொமைனில் இத்தகைய வரிகள் பல இருக்கலாம். கடவுச்சொல் கைமாறாது. ஆனால் இவ்வழியில் தொழில்நுட்பரும் உரிமை நிறுவியவர் என்ற நிலையைப் பெறுகிறார். அந்தக் குறிச்சொல் கூகுளின் வேறு சேவைகளிலும் உரிமைச் சான்றாகப் பயன்படக்கூடியது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் அந்த வரி அட்டவணையில் கிடந்தால், அவருடைய நிலையும் நீடிக்கக் கூடும்.

மூன்றாவது வழி, பார்க்கும் அனுமதியை மட்டும் தருவது. உரிமையை நிறுவிய ஒருவர் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் பக்கத்தில் பயனர்களை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்று, தொழில்நுட்பரின் கூகுள் கணக்கு முகவரியைச் சேர்த்தால் போதும். டி.என்.எஸ். அட்டவணையைத் தொட வேண்டியதில்லை. இக்கருவியின் நிரல் இடைமுகத்தில் இந்த வேறுபாடு தெளிவாக வகுக்கப்பட்டுள்ளது. ‘ஓனர்’ நிலையில் உள்ளவர் விவரங்களைப் பார்க்கலாம். பிறருக்கு அனுமதியும் தரலாம். ‘ரீடர்’ நிலையில் உள்ளவர் பார்க்க மட்டுமே முடியும். சேர்த்த பெயரை உரிமையாளர் பின்னர் நீக்கியும் விடலாம்.

இதுதான் மூன்றாவது பிரிவு. பெயரை ஆளும் உரிமையும் அனுப்பும் உரிமையும் கைமாறாமல், பார்க்கும் உரிமை மட்டும் தனியே கொடுக்கப்படுகிறது. பார்ப்பவருக்குத் தெரிவதும் தொகுப்புப் புள்ளிவிவரங்களே. எந்த மாணவர் கடிதத்தைக் குப்பை என்று குறித்தார், கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பன அதில் வருவதில்லை. பெறுநரின் அந்தரங்கம் காக்கப்படுவதால்தான் இந்த அனுமதியை அச்சமின்றிப் பகிர முடிகிறது.

2024: கண்காணிப்பு தேவையான காலம்

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் புதிய விதிகளை அறிவித்தன. அவை 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வரத் தொடங்கின. கூகுளின் கணக்குப்படி, ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5,000 அல்லது அதற்கு மேற்பட்ட கடிதங்கள் அனுப்புபவர் ‘பெருந்தொகை அனுப்புநர்’ ஆவார். அவர் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் வைத்திருக்க வேண்டும். விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் காட்டும் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது, 0.1 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருப்பது நல்லது.

இந்த எண்கள் எவ்வளவு சிறியவை என்பதை ஒரு கணக்கால் அறியலாம். 5,000 கடிதங்கள் உள்பெட்டியில் சேர்ந்தன என்று வைத்துக்கொள்வோம். அதில் 0.3 விழுக்காடு என்பது 15; 0.1 விழுக்காடு என்பது 5. அதாவது, 5,000 பேரில் 15 பேர் ‘இது குப்பை’ என்று அழுத்தினால் அந்த டொமைன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. அதன்பின் மற்ற 4,985 பேருக்குப் போகும் கடிதங்களும் பாதிக்கப்படலாம்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. புகார் விகிதம் உள்பெட்டியில் சேர்ந்த கடிதங்களை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது. ஏற்கெனவே குப்பைப் பெட்டிக்குப் போன கடிதத்தை யாரும் மறுபடி குப்பை என்று குறிப்பதில்லை. ஆகவே விகிதம் மிகக் குறைவாக இருப்பது எப்போதும் நற்செய்தி ஆகாது. பெரும்பாலான கடிதங்கள் உள்பெட்டியை எட்டவே இல்லை என்பதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஒரு வரைபடத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல் சான்று விகிதத்தையும் பிழைகளையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். பார்க்கும் அனுமதியைத் தகுதியான வெளியாருக்குத் தருவது இதனால்தான் பல நிறுவனங்களுக்குத் தேவையாகிறது.

இன்றைய நிலை

பார்வையைப் பகிரும் முறை சீரானபோதும் சில குறைகள் தொடர்கின்றன. ஜிமெயில் பெட்டிகளுக்கு மிகக் குறைவாக அனுப்பும் டொமைன்களுக்கு வரைபடங்கள் வெறுமையாகவே இருக்கும். எண்ணிக்கை சிறிதாக இருந்தால் புகாரளித்தவர் யார் என்பதை ஊகித்துவிடலாம் என்பதால், தொகுப்புப் புள்ளிவிவரத்துக்குப் போதிய அளவு தேவைப்படுகிறது. இதனால் பத்து இருபது பேருக்குக் கடிதம் அனுப்பும் ஊர் நூலகமோ சிறு சங்கமோ பழைய இருட்டிலேயே இருக்கிறது. ஜிமெயிலின் கருவி ஜிமெயிலைப் பற்றி மட்டுமே சொல்லும் என்பது இன்னொரு வரம்பு. மற்ற அஞ்சல் நிறுவனங்களின் நிலவரத்தை அறிய அவரவர் கருவிக்கு அவரவர் முறையில் அனுமதி பெற வேண்டும்.

பெரிய சிக்கல், உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போவது. வலைத்தளம் அமைத்துக் கொடுத்தவர் தம் சொந்தக் கணக்கிலேயே டொமைனைப் பதிவு செய்துவிட்டு விலகிவிட்டால், நிறுவனம் தன் பெயருக்குத் தானே அந்நியமாகிறது. அப்போது பார்க்கும் அனுமதியை மற்றவருக்குத் தர அதனால் இயலாது. அதற்கே முதலில் அனுமதி வேண்டியிருக்கிறது. டொமைன் பதிவு நிறுவனத்தின் பெயரிலும், உரிமை நிறுவிய கூகுள் கணக்கு நிறுவனத்தின் பொறுப்பிலும் இருந்தால் இந்நிலை வராது. வெளியாரை ‘ரீடர்’ நிலையில் சேர்த்து, பணி முடிந்த அன்றே நீக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை பயனர் பட்டியலையும் டி.என்.எஸ். அட்டவணையில் உள்ள பழைய வரிகளையும் சரிபார்க்க வேண்டும். பள்ளியில் ஆண்டு இறுதியில் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது போன்ற எளிய வேலைதான் இது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.